நினைவு உள்ளபோதே கேட்க வேண்டியவை

மனிதனுக்கு வருகின்ற வியாதிகளில் அநேகம் அவனுடைய உடலைப் பற்றிக்கொள்கின்றனவே அன்றி, அவனுடைய அபிப்பிராயத்தைப் பற்றிக்கொள்வதில்லை. இருதயம் பழுதுபட்டவரும், சிறுநீரகம் கெட்டு வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்பவரும், புற்றுநோய் முற்றி எலும்புவரை பரவிவிட்டவரும்கூட, எவ்வளவு வேதனையில் இருந்தாலும், தமக்கு இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று பெரும்பாலும் கடைசி நாட்கள் வரையில் வாய்திறந்து சொல்லக்கூடியவர்களாகவே இருக்கிறார்கள். வைத்தியரும் குடும்பத்தாரும் அவர்கள் முகத்தைப் பார்த்தே கேட்கிறார்கள். டிமென்ஷியா என்று வைத்தியர்களும் மறதி நோய் என்று மற்றவர்களும் சொல்லுகிற வியாதியோ இதற்கு நேர்மாறானது. உடல் பல வருஷங்கள் நடமாடிக்கொண்டிருக்க, அந்த உடலுக்கு உரியவரின் விருப்பு வெறுப்புகளைக் காரணத்தோடு எடுத்துச் சொல்லும் சக்தி முதலில் தேய்ந்து மறைகிறது. முடிவில் உயிருக்கே ஆபத்து நேர்ந்து மிகப் பெரிய தீர்மானங்களைச் செய்யவேண்டிய வேளை வரும்போது, யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்க முடியாமற் போகிறது.

ஆயினும் இவ்வியாதி, திடீரென்று தாக்கும் பக்கவாதமும் விபத்தும் தராத ஒன்றைத் தருகிறது. அது அவகாசம். வைத்தியர் நோயின் பெயரைச் சொல்லிய நாளுக்கும், நோயாளியின் விவேகம் முற்றிலும் மங்கிப்போகும் நாளுக்கும் இடையில், பலருக்குச் சில வருஷங்கள் கிடைக்கின்றன. அந்த வருஷங்களில் அவரை அருகில் உட்காரவைத்து, பிற்காலத்துச் சிகிச்சையைப் பற்றியும், பராமரிப்பைப் பற்றியும், பணங்காசைப் பற்றியும் அவருடைய மனத்தைக் கேட்டறிந்து, எழுதியும் வைத்துக்கொள்ள முடியும். உலகெங்கும் இதை ஒரு முறையாகவே வகுத்து, முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் என்ற பெயரால் வைத்தியர்கள் வற்புறுத்தி வருகிறார்கள். நம் குடும்பங்கள் அந்த அருமையான வருஷங்களை எப்படிச் செலவிடுகின்றன என்பதைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. பெரும்பாலும் நோயை நோயாளியிடமிருந்து மறைப்பதிலேயே அவை கழிந்துவிடுகின்றன.

1906-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர் சபையில், அலோயிஸ் அல்சைமர் என்பவர், ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணியின் ஞாபகம் சிதைந்த வரலாற்றையும், அவள் இறந்தபின் மூளையில் தாம் கண்ட மாறுதல்களையும் எடுத்துரைத்தார். அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களைப் பல மாநிலங்களிலும் நேரில் பரிசோதித்து 2023-இல் வெளியான ஆய்வு, அவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் உள்ளதென்று கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தாரைவிடக் கிராமத்தாரிடமும் இது அதிகம் என்பதும் அதே ஆய்வின் முடிவு.

இந்தக் கடைசிச் செய்தியைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். மறதி நோய்க்கு ஆளானவர் என்றதும், ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர், கண்ணாடியைத் தேடிக்கொண்டு, பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவே நம் மனம் சித்திரம் தீட்டுகிறது. மெய்யான நிலைமையில், அந்த இடத்தில் இருப்பவள் பெரும்பாலும் ஒரு கிராமத்துத் தாய், அநேகமாக விதவை. பிறந்த வீட்டில் தகப்பனும், புகுந்த வீட்டில் கணவனும், பின்னர் மகனும் தீர்மானித்தபடியே வாழ்ந்து, தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவையேனும் ஒருவராலும் கேட்கப்படாமலே முதுமையடைந்தவள். அவளுக்கு அறிவு மங்கிய பிறகு அவளுடைய விருப்பத்தை ஊகித்து நடப்போம் என்று நாம் சொல்வது, அறிவு தெளிவாக இருந்த அறுபது வருஷங்களில் கேளாத ஒன்றை இனிமேல் கண்டுபிடிப்போம் என்று சொல்வதாகும். ஆகையால், இவளைக் கேட்பதுதான் எல்லாவற்றிலும் அவசரமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

வைத்தியரின் அறையில் வழக்கமாக நடப்பது என்ன? பரிசோதனை முடிந்ததும், தாயை வெளியே பெஞ்சியில் உட்காரவைத்துவிட்டு, மகன் மட்டும் உள்ளே திரும்பி வந்து, “அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க டாக்டர், ரொம்பப் பயந்துடுவாங்க” என்கிறான். அன்பினாலேயே சொல்கிறான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால், தன் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வேறு எவரைவிடவும் உரிமையுள்ள ஒரு பிறவி, அந்தப் பேச்சிலிருந்து வெளியேற்றப்பட்டுவிடுகிறது. தன் நினைவு தன்னைக் கைவிடுகிறது என்பதை அவள் தானே அறியாமலும் இல்லை. அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்ப எழுந்து போய்ப் பார்ப்பவளும், பேரனின் பெயர் நாவில் வராமல் வேறொரு பெயரைச் சொல்லிச் சமாளிப்பவளும், மற்றவர்களுக்கு முன்பே அந்த நிழலைக் கண்டுகொண்டவள்தான். வீட்டார் மறைக்கும்போது அவளும் மறைக்கிறாள். ஒரே கூரையின் கீழ் இரண்டு பயங்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் வசிக்கின்றன. உண்மையை ஒரேயடியாகக் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாள் என்பதை அவளிடமே கேட்டு, அவ்வளவைச் சொல்வது எந்த வைத்தியராலும் முடியும்.

நோயின் பெயர் காகிதத்தில் ஏறியவுடனே ஒருவர் தீர்மானம் செய்யும் தகுதியை இழந்துவிடுகிறார் என்ற எண்ணமும் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2018 மே 29 முதல் அமலில் உள்ள 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கு ஆளானவர் உட்பட எவரும், சிகிச்சையைப் பற்றிய செய்தியை விளங்கிக்கொள்ளவும், தம் தீர்மானத்தின் விளைவை உணரவும், அதைச் சொல்லாலோ சைகையாலோ வேறு வழியாலோ தெரிவிக்கவும் கூடியவராக இருந்தால், தீர்மானிக்கும் தகுதி உள்ளவரே என்று கருதுகிறது. நினைவையும், இடம் காலம் பற்றிய உணர்வையும் கடுமையாகப் பாதிக்கும் கோளாறுகள் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. காலையில் தெளிவாக இருந்து மாலையில் குழம்புகிறவர்கள் இந்நோயாளிகளில் ஏராளம். அப்படியானால் காலையில் கேட்கலாம். சொத்துப் பிரிவினையைப் பற்றிப் பேச முடியாதவர், தாம் எந்த வீட்டில் யாரோடு இருக்க விரும்புகிறார் என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லக்கூடும். அப்படியானால் அதைக் கேட்கலாம்.

சரி, எதைத்தான் கேட்பது? இங்கே ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் முற்றிய நிலையில் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் சந்திக்கப்போவது அதுவே. அது உணவு.

மறதி நோய் முற்றும்போது நோயாளி வாயில் வைத்த கவளத்தை விழுங்க மறக்கிறார். கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறார். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. புரையேறிய உணவு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா காய்ச்சல் வருகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகர்ப்பகுதியிலுள்ள 22 பராமரிப்பு இல்லங்களில், நோய் முற்றிய 323 பேரை 18 மாத காலம் தொடர்ந்து கவனித்து, சூசன் மிட்சல் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ் பெற்றது. அந்தக் காலத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நூற்றுக்கு 41 பேருக்கு நிமோனியாவும், 86 பேருக்கு உண்பதில் கோளாறும் ஏற்பட்டன. மறதி நோய் வெறும் ஞாபகக் குறைவன்று, உயிரைக் கொண்டுபோகும் வியாதி என்பதை உலகத்து வைத்தியர்கள் ஐயமற ஏற்றுக்கொண்டதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியமான காரணம். அதில் இன்னொரு செய்தியும் இருந்தது. இனி இவருக்கு அதிக காலம் இல்லை என்பதையும், வரப்போகும் சிக்கல்கள் இன்னவை என்பதையும் எந்த நோயாளியின் குடும்பத்தார் புரிந்துகொண்டிருந்தார்களோ, அந்த நோயாளி தம் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக்கு அள்ளிச் செல்லப்படுவதும், குழாய்களுக்கும் ஊசிகளுக்கும் உட்படுத்தப்படுவதும் குறைவாக இருந்தன.

நம் ஊரில் நோயாளி விழுங்கவில்லை என்றதும் மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப் போடுகிறார்கள். பக்கவாதம் வந்து மீண்டு எழப்போகிறவருக்கு அந்தக் குழாய் உயிர்காக்கும் சாதனம். ஆனால் முற்றிய மறதி நோயில், குழாய் வழியாக உணவு செலுத்துவதால் ஆயுள் நீள்கிறது என்பதற்கோ, நிமோனியா தடுக்கப்படுகிறது என்பதற்கோ ஆதாரம் இல்லை. அமெரிக்க முதியோர் வைத்தியச் சங்கம் 2014-இல் வெளியிட்ட அறிக்கையில், இத்தகைய நோயாளிகளுக்குக் குழாய் வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுவதே தக்கது என்று தெளிவாகச் சொன்னது. காரணம் தெரியாமல் மூக்கில் ஏதோ உறுத்துகிறது என்று நோயாளி குழாயைப் பிடுங்குகிறார். பிடுங்காமலிருக்க அவருடைய கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டுகிறார்கள். கட்டுண்டு அசையாமல் கிடப்பதால் படுக்கைப் புண் வருகிறது. அறுபது பேருக்குச் சமைத்துப் போட்ட கை கட்டிலில் கட்டப்பட்டிருப்பதைக் காணச் சகியாத குடும்பங்களே, மாற்று வழி உண்டென்று ஒருவரும் சொல்லாமையால், அதற்குச் சம்மதக் கையெழுத்தும் போடுகின்றன.

“சாப்பாடு போடாமல் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று நாளைக்கு ஊர் சொல்லாதா?” என்ற பயம் அந்தக் கையெழுத்தின் பின்னால் நிற்கிறது. அந்தப் பயத்தை அலட்சியம் செய்யலாகாது. அன்னம் இடுவதைத் தலையாய தர்மமாகக் கொண்டாடும் சமூகத்தில், பெற்றவளுக்கு உணவை நிறுத்தினான் என்ற பழிச்சொல் ஒரு மகனை அவன் சாகும்வரை தொடர்ந்து வரும். ஆனால் கையால் ஊட்டுவது உணவை நிறுத்துவதாகாது. குழைய மசித்த ரசஞ்சாதத்தைச் சிறுசிறு கவளமாக, நிமிர்த்தி உட்காரவைத்து, ஒன்றை விழுங்கியபின் அடுத்ததை ஊட்டி, வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டால் அத்தோடு நிறுத்தி, உதடு உலராமல் ஈரத் துணியால் நனைத்துவிடுவது, குழாயில் கஞ்சியை ஊற்றுவதைவிட நேரமும் அன்பும் கூடுதலாகக் கேட்கிற காரியம். இவை இரண்டில் தனக்கு எது வேண்டும் என்பதை அந்தத் தாய் முன்பே சொல்லியிருந்தால், ஊர் என்ன சொல்லும் என்ற பயத்துக்கு இடமே இல்லை. “அம்மா இப்படித்தான் வேணும்னு சொன்னாங்க” என்ற ஒரு வார்த்தை போதும், அத்தைமார்களும் சித்தப்பாமார்களும் அடங்கிப்போவார்கள்.

உணவைப் போலவே, மூச்சு திணறும்போது வென்டிலேட்டரில் வைப்பதா, இருதயம் நின்றால் மார்பை அழுத்தி மீண்டும் இயக்க முயல்வதா, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோவதா, வீட்டிலேயே வைத்து வலியும் திணறலும் தெரியாமல் பார்த்துக்கொள்வதா என்பனவும் கேட்க வேண்டியவை. வைத்தியத்தைச் சேராத கேள்விகளும் உண்டு. சொந்த ஊரிலா, மகன் இருக்கும் நகரத்திலா? குளிப்பாட்டி உடைமாற்ற வெளியாளை வைக்கலாமா? பூஜையும் விரதமும் மறந்துபோன பின்பும் நெற்றியில் இட்டுவிட வேண்டுமா? சைவமாகவே வாழ்ந்தவர் நினைவு தவறி வேறொன்றைக் கேட்டால் கொடுக்கலாமா? அற்பம் என்று தோன்றுகிற இவைதான் பிற்பாடு பராமரிப்பவரை இரவெல்லாம் தூங்கவிடாமல் செய்கின்றன. பராமரிப்பவர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன்; நம் வீடுகளில் அவர் மனைவியாகவோ, மகளாகவோ, மருமகளாகவோதான் இருப்பார். தீர்மானிக்கும் உரிமை மகன்களிடமும் செய்யும் வேலை இவர்களிடமும் இருப்பது பெரிய அநீதி. பேச்சு நடக்கும் நாளில் இவர்களும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இத்தகைய பேச்சைத் தொடங்குவதே அபசகுனம், நம் கலாச்சாரத்துக்கு ஒவ்வாதது என்று சிலர் கூறுகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நம் முதியவர்களைப்போல மரணத்தைப் பற்றித் தாராளமாகப் பேசுகிறவர்கள் குறைவு. “யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது”, “படுக்கையில விழாம போய்ச் சேரணும்”, “கையும் காலும் நல்லா இருக்கறப்பவே அவன் கூட்டிக்கணும்” என்ற வார்த்தைகள் திண்ணையிலும் சமையலறையிலும் தினந்தோறும் உச்சரிக்கப்படுகின்றன. பேசத் தயங்குபவர்கள் பிள்ளைகள்தாம். “என்னம்மா இப்படியெல்லாம் பேசறே, வாயைக் கழுவு” என்று அதட்டி, தானாகத் திறந்த கதவை அவர்களே சாத்திவிடுகிறார்கள். அதட்டுவதற்குப் பதிலாக, “பாரம்னு எதைம்மா சொல்றே? ஆஸ்பத்திரியில குழாயெல்லாம் போட்டு வைக்கறதையா?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டால், வைத்தியர்கள் பக்கம் பக்கமாக அச்சிட்டுத் தரும் வினாத்தாள் எதுவும் இல்லாமலே பேச்சு தொடங்கிவிடும். பக்கத்து வீட்டில் ஒருவர் ஐ.சி.யு.வில் கிடந்து இறந்துபோன செய்தி வருகிற நாளும், மணிவிழாவோ சதாபிஷேகமோ முடிந்து பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக இருக்கும் நாளும் இதற்கு உகந்தவை. ஒரே நாளில் முடிக்க வேண்டியதும் இல்லை. கேட்டதைத் தேதியிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டே வரலாம்.

“எல்லாம் பெரியவன் பார்த்துக்குவான்” என்று தாய் சொல்லிவிட்டால்? அதுவும் ஒரு தீர்மானமே. அவளுக்காக யார் பேசவேண்டும் என்பதை அவள் சொல்லிவிட்டாள். அதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லவைத்து, எழுதி, கையொப்பம் பெற்றுக்கொண்டால், சிகிச்சையைப் பற்றிய பெரும்பாலான பிற்காலச் சண்டைகள் அங்கேயே தீர்ந்துபோகும்.

ஒருவருக்காக யார் பேசுவது என்ற இந்தக் கேள்விதான் நம் தேசத்துச் சட்டத்தையும் இந்தத் துறைக்குள் இழுத்து வந்தது. பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே ஒரு கொடியவனால் தாக்கப்பட்டு, மூளை சிதைந்து, 2015 மே மாதம் வரை அதே ஆஸ்பத்திரியில் தன்னுணர்வின்றிக் கிடந்தார். அவருக்கு உணவு செலுத்துவதை நிறுத்த அனுமதி வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தை நாடியபோது, அத்தனை வருஷங்களாக அவரைக் குழந்தையைப்போல் பார்த்துக்கொண்ட தாதியர் அதை எதிர்த்தார்கள். 2011 மார்ச்சில் நீதிமன்றம், அருணாவுக்காகப் பேசும் உரிமை அந்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கே உண்டென்று தீர்ப்பளித்து, மனுவைத் தள்ளியது. அதே சமயத்தில், தகுந்த சந்தர்ப்பங்களில் உயிர்நீட்டிப்புச் சிகிச்சையை உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு நிறுத்தலாம் என்ற வழியையும் முதன்முதலாகத் திறந்தது. இரு தரப்பாரும் அருணாவின் நன்மையையே நாடினார்கள். அருணா என்ன விரும்பியிருப்பார் என்பதை மட்டும் ஒருவராலும் காட்ட முடியவில்லை.

‘காமன் காஸ்’ என்ற பொதுநல அமைப்பு 2005-இல் தொடுத்த வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2018 மார்ச் 9-ஆம் தேதி அளித்த தீர்ப்பு இந்தக் குறையை நிவர்த்தி செய்தது. கௌரவமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கியதே என்றும், சுயபுத்தியுள்ள எவரும் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றும் அது அறுதியிட்டது. ஆனால் அதற்கு வகுத்த நடைமுறை கடினமாக இருந்தது. ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் தேவைப்பட்டதால், எழுதியவர்கள் மிகச் சிலரே. 2023 ஜனவரியில் நீதிமன்றம் அதை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ அத்தாட்சி பெற்றால் போதும். தம்மால் இயலாதபோது தம் சார்பில் பேசவேண்டியவர்களின் பெயர்களை அதில் குறிப்பிட வேண்டும்; ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். பிரதிகளை அவர்களிடமும், குடும்ப வைத்தியரிடமும், உள்ளூர் நகராட்சி அல்லது ஊராட்சியில் இதற்கென நியமிக்கப்படும் பொறுப்பு அதிகாரியிடமும் கொடுத்துவைக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எழுத்தின் மூலம் ரத்து செய்யவோ மாற்றவோ செய்யலாம்.

ஆவணம் தானாக அமலுக்கு வந்துவிடாது. நோய் தீராத கட்டத்தை அடைந்து, மீளும் நம்பிக்கை இல்லாமல், நீண்டகாலச் சிகிச்சையில் இருக்கும்போதுதான் அது எடுத்துக்கொள்ளப்படும். அப்போதும் ஆஸ்பத்திரியின் மூன்று வைத்தியர்கள் கொண்ட முதற்குழு ஒன்றும், மாவட்டத் தலைமை வைத்திய அதிகாரி நியமிக்கும் ஒருவரை உள்ளிட்ட இரண்டாவது குழு ஒன்றும் ஆராய்ந்து இணங்க வேண்டும். முடிவை நிறைவேற்றும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். ஊசி போட்டு உயிரைப் போக்குவது நம் நாட்டில் அன்றும் இன்றும் குற்றமே. இந்த ஆவணத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

இவ்விஷயத்தைப் பற்றி இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. சிகாகோவிலோ சிட்னியிலோ இருக்கும் மகள், தாய்க்கு மறதி நோய் என்று கேட்டதும் இரவோடிரவாகத் தேடி, அழகாக அச்சிட்ட படிவங்களைக் கண்டெடுத்து, வாட்ஸப்பில் மதுரைக்கு அனுப்புகிறாள். கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள்தாம். நோயைப் பற்றிய செய்திகளும் பயன்படும். ஆனால் அந்தப் படிவங்களின் பின்னால் நிற்கும் சட்டம் வேறு நாட்டினுடையது. இங்கிலாந்தில் 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படியும், சிங்கப்பூரில் 2008-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படியும், ஒருவர் தம் அறிவு மங்கிய பின்னரும் செல்லுபடியாகும்படி இன்னொருவருக்கு அதிகாரம் எழுதித் தரலாம். இந்தியாவில் பணம், சொத்து விஷயங்களில் அத்தகைய ஏற்பாடு இல்லை. இங்கே வழக்கத்திலுள்ள பவர் பத்திரம், 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தவுடன் பொதுவாக முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக அதை எழுதினார்களோ, அந்த நாளில் அது பயனற்ற காகிதமாகிறது. இந்த உண்மை தெரியாமல், “அதான் பவர் வாங்கிட்டோமே” என்று நிம்மதியாக இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ.

மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்கும் 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் மறதி நோயைத் தன் வரம்புக்குள் சேர்க்கவில்லை. ஆகவே, வங்கியில் கிடக்கும் தாயின் பணத்தை அவளுடைய வைத்தியச் செலவுக்கே எடுக்க முடியாமல், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுக் காத்திருக்கும் நிலைமை உண்டாகிறது. நினைவு தவறிக் கிடக்கும் கணவரின் சொத்தைச் சிகிச்சைக்காகவும் குடும்பத்துக்காகவும் விற்க, மனைவியைப் பாதுகாவலராக்கிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் அனுமதித்தது. அந்தப் பெண்மணிக்கு நீதி கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு மனைவியும் உயர் நீதிமன்றம்வரை ஏறவேண்டும் என்பது ஒரு தேசம் செய்துவைக்கக்கூடிய ஏற்பாடு ஆகாது. பாராளுமன்றம் இதற்குத் தனிச் சட்டம் இயற்றும் வரையில், நோயின் ஆரம்பத்திலேயே கணக்குகளை இருவரில் எவரும் இயக்கும்படி கூட்டுக் கணக்காக மாற்றுவதும், நியமனதாரரைப் பதிவதும், உயில் எழுத விரும்பினால் அன்றைய தேதியிலேயே அவர் தெளிவாக இருக்கிறார் என்று வைத்தியரிடம் சான்று பெற்று எழுதுவதும் செய்யக்கூடியவை. அவசரப்பட்டு எல்லாச் சொத்தையும் பிள்ளைகள் பேரில் செட்டில்மென்ட் எழுதிவிடுமாறு வற்புறுத்துவது இதில் சேராது.

முன்கூட்டி எழுதிவைப்பதன் மேல் ஓர் ஆட்சேபம் உண்டு, அது கனமானது. இன்று தெளிவாக இருக்கும் நான், பின்னாளில் குழந்தையாகிவிடப்போகும் இன்னொரு மனிதனுக்கு எப்படி விதி எழுதலாம்? அமெரிக்கத் தத்துவ அறிஞர் ரொனால்ட் டுவொர்கின் 1993-இல் எழுதிய நூலில், ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் போற்றிய மதிப்புகளின்படி முன்பு எழுதியதே நிற்க வேண்டும் என்று வாதித்தார். ரெபெக்கா டிரெஸ்ஸர் என்ற சட்ட அறிஞர் 1995-இல் அதை மறுத்து, இப்போது நம் எதிரில் உட்கார்ந்து சந்தோஷமாக இருக்கும் நோயாளியின் நன்மையை, பழைய காகிதத்துக்காகப் புறக்கணிக்கலாகாது என்றார். நான் டிரெஸ்ஸரின் பக்கம் சாய்கிறேன். பாட்டுக் கேட்டுத் தலையசைப்பவளும், பூனைக்குட்டியைக் கண்டு சிரிப்பவளும், இனிப்பைக் கொடுத்தால் முகம் மலர்பவளும் வாழ்ந்துகொண்டிருப்பவளே. அவளுக்கு வந்த எளிய காய்ச்சலுக்கு மருந்து தர மறுக்க எந்த ஆவணமும் காரணமாகாது. நல்லவேளையாக, நம் நீதிமன்றம் விதித்த நிபந்தனைகள் மிகக் கடைசிக் கட்டத்துக்கே உரியவை. அந்தக் கட்டத்தில் இந்த இரு வாதங்களுக்கும் இடையே உள்ள தூரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆவணத்தை வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து, அவரோடு சேர்ந்து படித்துத் திருத்திக்கொள்வதும் நல்லது.

காலம் கடந்துவிட்டது, தாய்க்கு இப்போது ஒன்றும் புரியவில்லை என்று வருந்துகிற குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆவணம் இல்லாதவர்களுக்கும் உச்ச நீதிமன்றத்தின் அதே தீர்ப்புகளில் வழி உண்டு. வைத்தியர் குழுவும் நெருங்கிய உறவினரும் கூடி முடிவெடுக்கலாம். அப்போது, நமக்கு என்ன வேண்டும் என்று கேளாமல், அவள் எப்படி வாழ்ந்தாள், தன் கணவனின் கடைசி நாட்களைப் பார்த்து என்ன சொன்னாள், எதற்கு அருவருத்தாள், எதற்கு ஆசைப்பட்டாள் என்று கேட்க வேண்டும். வலியைத் தணித்து ஆறுதல் தரும் ஆதரவுச் சிகிச்சை ஏழைகளுக்கு எட்டாததும் அன்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையிலிருப்போரை வீட்டுக்கே வந்து பார்க்கும் அந்தச் சேவையும் அடங்கியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

கர்நாடக அரசாங்கம் 2025 ஜனவரியில், உச்ச நீதிமன்றத்தின் இந்தத் தீர்ப்புகளை ஆஸ்பத்திரிகளில் நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. நம் மாநிலத்திலும், தமிழில், எழுத்துக்கூட்டிப் படிக்கும் தாய்க்கும் புரியும்படி, ஆவணத்தின் மாதிரிப் படிவம் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதைப் படித்துச் சொல்ல அங்கே ஒருவர் இருக்க வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. வாசகர்கள் தங்கள் ஊர் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்துக்குச் சென்று, முன்கூட்டிய மருத்துவ ஆவணங்களைப் பெற்றுப் பாதுகாக்கும் பொறுப்பு அதிகாரி யார் என்று கேளுங்கள். பெயர் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி எவரும் இல்லை என்றால், நியமிக்கும்படி எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.